பாறைக்குழிக்கு ஒரு டவுன் பஸ்

காந்திபுரத்துத் துணிக்கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஊரே குடும்பத்தோடு துணி எடுக்க இறங்கி வருகிற நாளில் அவர்களை யார் வீட்டுக்கு விடுவார்கள்? ராமாத்தாளுக்குச் செவ்வாய்க்கிழமைதான் விடுமுறை. நாலு மாடியையும் தினம் மூன்று தரம் பெருக்கித் துடைக்கிற உடம்பு, ஒரு நாள் கிடைத்தால் காலை நீட்டிப் படுக்கத்தான் பார்க்கும். கூட வேலை பார்க்கும் பெண்கள் அப்படித்தான் படுத்தார்கள். இவள் மட்டும் விடிந்ததும் தூக்குப்போசியில் தயிர்ச்சோற்றைப் போட்டுக்கொண்டு, ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறிவிடுவாள்.

துடியலூர், பெரியநாயக்கன்பாளையம் தாண்டிக் காரமடையில் இறங்குவாள். ரங்கநாதர் கோயில் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அங்கிருந்து இன்னொரு டவுன் பஸ், ஒரு மணி நேரத்துக்கு ஒன்று. அது வளைந்து வளைந்து போய், இதற்கு மேல் ரோடு இல்லை என்கிற இடத்தில் திரும்பி நிற்கும். அந்த ஊருக்குக் காக்காக்கரடு என்று பெயர். கடைசி ஸ்டாப்பில் இறங்குகிற ஆள் பெரும்பாலும் இவள் ஒருத்திதான்.

"ஏனுங்கக்கா, லேடீஸுக்கு ஃப்ரீன்னு சொன்னாலும் சொன்னாங்க, வாராவாரம் வந்தர்றீங்க. அப்படி என்னதான் இருக்குது இந்தக் கரட்டுல?" என்று கண்டக்டர் ஒருநாள் கேட்டார்.

"நடக்கறதுக்குங்க. டாக்டர் நடக்கச் சொல்லீருக்காருங்க."

எந்த டாக்டரும் சொல்லவில்லை. ஆனால் அது நல்ல பதில். இந்தக் காலத்தில் டாக்டர் சொன்னார் என்றால் எமன்கூட மேலே கேள்வி கேட்க மாட்டான்.

பஸ் போன பிறகு கிளுவை வேலிக்கு நடுவே ஒரு இட்டேரி, குறுகலான மண்பாதை. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கித்தான் நிற்க வேண்டும். ஒன்றரை மைல் அதில் நடந்தால் கல்லுக்காடு தொடங்கும். ஒரு காலத்தில் அங்கே பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. கம்ப்ரசர் ஒரு பக்கம், கிரஷர் ஒரு பக்கம், லாரி ஒரு பக்கம். மரத்தில் இலைகூடக் கல்தூசி படிந்து வெள்ளையாகத்தான் இருக்கும். இன்றைக்கு கிரஷர் நின்ற மேடையை வேலிக்காத்தான் முழுசாக மூடிவிட்டது. ஜல்லி குவித்த மேட்டில் வேப்பமரங்கள் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்துவிட்டன. லாரி போன தடத்தில் மயில் நடக்கிறது. எல்லாவற்றுக்கும் நடுவில் பாறைக்குழி, மூன்று ஏக்கர் பரப்பு, நூறடி ஆழம். சுரங்கம்போல் வெட்டிக்கொண்டே போய்ப் பாதியில் போட்டுவிட்டுப் போன குழியில் ஊற்று நீர் நிரம்பி, பாசி நிறத்தில், அசையாமல் நிற்கும். தண்ணீருக்கு மேல் வளைந்த கிளைகளில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கும்.

அழகுதான். யார் இல்லை என்றது? ஆனால் காக்காக்கரட்டுக்காரர்கள் ஒருவரும் அந்தத் தண்ணீரில் காலை நனைத்ததில்லை. ஆட்டை அந்தப் பக்கம் ஓட்ட மாட்டார்கள். கோடையில் கிணறு வற்றினால் குடத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று மைல் நடப்பார்களே தவிர, குழிப் பக்கம் போக மாட்டார்கள். ஏன் என்று கேட்டால், "அது ஆகாதுங்க" என்பதோடு சரி.

ராமாத்தாளுக்கு ஏன் என்று தெரியும். அவள் குழியை ஒரு சுற்றுச் சுற்றுவாள். கிழக்குச் சுவருக்கு நேர் எதிரே ஒரு பாறையில் உட்கார்ந்து சோற்றைத் தின்பாள். தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று பார்ப்பாள். எழுந்து வந்த வழியே பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவாள். ஆறேழு வருஷமாக இதுதான் நடந்தது.

சித்திரை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் உட்காரும் பாறையில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் பைனாகுலர், தலையில் தொப்பி. பெயர் கிருபாசங்கர், பாங்கில் வேலை, அன்றைக்கு லீவு. கார், பைக் எதுவும் எடுக்காமல் பஸ்ஸிலேயே போய், பஸ் நிற்கிற இடத்திலிருந்து நடந்து சுற்றுகிற ஒரு கூட்டம் கோயமுத்தூரில் இருக்கிறதாம், அதில் அவரும் ஒருவர். கூட வந்தவர்கள் முன்னால் போய்விட்டார்கள், இவர் ஏதோ குருவிக்காகக் காத்துக்கொண்டிருந்தார். ராமாத்தாளைப் பார்த்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம்.

"நீங்களும் பஸ்லயே வந்து நடக்கறீங்களா? சூப்பருங்க! இந்த எடத்துல மட்டும் அறுபத்திநாலு வகைப் பறவை பாத்திருக்கோம். மனுசன் தோண்டிப் போட்டுட்டுப் போனதை எயற்கை எப்படித் திருப்பி எடுத்துக்கிச்சு பாருங்க."

"ஆமாங்க" என்றாள் ராமாத்தாள். எடுத்துக்கொண்டதுதான் அவளுக்குத் தெரியுமே.

"ஆனா கொடுத்து வெக்கலைங்க. இதை மூடப் போறாங்களாமா. யாரோ காண்ட்ராக்ட் எடுத்திருக்காங்க. தண்ணியை எறைச்சுப் போட்டு, குப்பையைக் கொட்டி நெரப்பி, மேல மண்ணைப் போட்டுருவாங்க. நாங்க ஒரு மனு எழுதறோம், நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க."

ராமாத்தாள் பேனாவை வாங்கவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"தண்ணிய அடி வரைக்கும் எறைச்சுருவாங்களாங்க?"

பறவையைக் கேட்பாள், மரத்தைக் கேட்பாள் என்று நினைத்திருப்பார். "எறைக்கத்தான் செய்வாங்க" என்றார். அவள் அன்றைக்குச் சோற்றைப் பிரிக்காமலே திரும்பினாள்.

ராமாத்தாள் பிறந்தது தாராபுரம் பக்கம். பண்ணையத்துக் கூலி வேலை ஒத்து வராமல் போனபோது அவள் அப்பன் குடும்பத்தோடு இந்தக் கல்லுக்காட்டுக்குக் கல்லுடைக்க வந்தான். பன்னிரண்டு வயதில் சுத்தியல் பிடித்தவளுக்கு உள்ளங்கையில் இன்றைக்கும் ரேகை தெரியாது. ரேஷன் கடையில் கைரேகை வைக்கச் சொன்னால் மெஷின் இவளை ஆளாகவே ஒப்புக்கொள்வதில்லை. இருபத்தொன்றாம் வயதில் மாசாணத்தைக் கட்டிக்கொண்டாள். மாசாணம் வெடிக்காரன், அதாவது பாறையில் துளை போட்டு வெடி வைக்கிறவன். பத்து விரலும் முழுசாக இருந்த வெடிக்காரன் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவன் ஒருத்தன்தான். அவ்வளவு பயந்தவன். பயந்தவன் என்று மற்றவர்கள் கேலி பண்ணுவார்கள், "பயந்தவன் ஊட்டுக்குப் போவான், தைரியசாலி ஆஸ்பத்திரிக்குப் போவான்" என்று மாசாணம் சிரிப்பான்.

அந்தக் குழியில் அவர்களுக்கென்று ஒரு முறை இருந்தது. சாயங்காலம் எத்தனை துளைக்குத் திரி வைத்திருக்கிறதோ, அத்தனை கூழாங்கல்லை மேலே விளிம்பில் நிற்கிற ஆள் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வெடிச்சத்தத்துக்கும் ஒரு கல்லைக் கீழே போட வேண்டும். கல்லெல்லாம் தீர்ந்ததும் "கை காலீ" என்று கத்த வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் மறைவில் நிற்கும் வெடிக்காரன் குழிக்குள் போய், பாறை எப்படிப் பிளந்திருக்கிறது என்று பார்ப்பான். கையில் ஒரு கல் மிச்சமிருந்தால் ஒரு வெடி வெடிக்கவில்லை என்று அர்த்தம். அப்புறம் விடியும்வரை யாரும் இறங்கக் கூடாது. கல்லை வைத்திருக்கும் ஆள் சிவப்புக் கொடியோடு அங்கேயே காவல் இருக்க வேண்டும். சில சமயம் இரண்டு துளை சேர்ந்து வெடிக்கும், சத்தம் கனமாகக் கேட்கும், அப்போது இரண்டு கல்லைப் போட வேண்டும். அந்த வித்தியாசத்தைக் காதுதான் சொல்ல வேண்டும். மாசாணம் இந்த வேலைக்குப் பெண்டாட்டியைத் தவிர வேறு யாரையும் நிற்க விட்டதில்லை.

இரண்டாயிரத்து ஆறு, ஐப்பசி மாதம். அன்றைக்கு ஒன்பது துளை. வானம் கறுத்துக்கொண்டு நின்றது. நாலு வயது மகள் நித்யஸ்ரீ வேப்பமரத்தடியில் சாக்கில் படுத்திருந்தாள், உடம்பு அனலாய்க் கொதித்தது. மத்தியானத்திலிருந்தே காய்ச்சல். காரமடைக்குக் கடைசி பஸ் ஆறு மணிக்கு. எட்டு வெடி வெடித்தது. ராமாத்தாள் ஒன்பதாவதுக்குக் காத்திருந்தாள். வரவில்லை. மறுபடியும் காத்திருந்தாள். மரத்தடியில் குழந்தைக்குக் கண் மேலே செருகிக்கொண்டு போனதைப் பார்த்தாள். ஆறாவது சத்தம் கனமாகத்தானே இருந்தது, அது இரண்டாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். அப்படி இருக்க வேண்டும் என்று நினைத்தாள். கையிலிருந்த கடைசிக் கல்லை, எந்தச் சத்தமும் கேட்காமல், கீழே போட்டாள்.

"கை காலீ!"

மாசாணம் கையை உயர்த்திக் காட்டிவிட்டுக் கிழக்குச் சுவரை நோக்கி நடந்தான். அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இட்டேரியில் ஓடினாள். பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போயிருக்கும், பின்னால் ஒரு சத்தம் கேட்டது. "இடி பலமாத்தான் இடிக்குது" என்றார் டிரைவர். எல்லோரும் ஆமாம் என்றார்கள். உடனே மழையும் கொட்டியது.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்து குழந்தை பிழைத்துக்கொண்டது. மாசாணம் வந்து பார்க்கவில்லை. நாலாம் நாள் ராமாத்தாள் குழிக்குப் போனாள். அடியில் இடுப்பளவு தண்ணீர், கிழக்குச் சுவரோரம் பாறை சரிந்து குவிந்து கிடந்தது. மேஸ்திரி சீனிவாசலு அவளை விளிம்புக்கே விடவில்லை. "உன்ற புருசன் அன்னிக்குப் பொழுதோட வாளையார் பஸ் ஏறிப் போயிட்டான் அம்மணி. என்ற கண்ணால பாத்தேன். கேரளாவுல வேற தொடுப்பு இருக்குதாமா" என்றான். சொல்லும்போது அவன் இவள் கண்ணைப் பார்க்கவில்லை. அந்தக் குவாரிக்கு லைசென்ஸ் முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஓர் ஆள் செத்தான் என்று வெளியே தெரிந்தால் முதலாளியிலிருந்து மேஸ்திரி வரை உள்ளே போக வேண்டியதுதான். ஒரு வாரத்தில் மோட்டார், கம்ப்ரசர், கிரஷர் எல்லாம் போய்விட்டன. ஊற்று நீர் ஏறி எல்லாவற்றையும் மூடியது.

அவன் சொன்னது பொய் என்று ராமாத்தாளுக்கு அந்த நிமிஷமே தெரியும். தெரிந்தே தலையை ஆட்டினாள். புருஷன் ஓடிப்போனான் என்றால் அவள் பாவப்பட்டவள். புருஷன் குழிக்குள் கிடக்கிறான் என்றால் அவனைக் கொன்றவள். எது சுலபம்? இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் ஒரு பொய்யைப் பங்கு போட்டுக்கொண்டு பிரிந்தார்கள். அதற்கப்புறம் பத்தொன்பது வருஷம் தாலியைக் கழற்றாமல், நெற்றிப் பொட்டை அழிக்காமல், 'புருசன் ஓடிப்போனவ' என்ற பேரோடு நடமாடினாள். அவளுக்கு வந்த பேர்கூடப் பரவாயில்லை. ஒரு நாளும் ஒருத்தியை ஏறெடுத்துப் பார்க்காத மாசாணத்துக்கு வந்த பேரை நினைத்தால்தான் வயிறு எரியும். எரிந்து என்ன? அவள் வாய் திறக்கவில்லை.

நித்யஸ்ரீ அந்தப் பொய்யைத் தின்றே வளர்ந்தாள். இப்போது இருபத்துமூன்று வயது, ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை பிரவின்குமார் கணபதியில் பம்பு செய்கிற இடத்தில் இருக்கிறான், நல்ல பையன். பத்திரிகை அடிக்கிற பிரஸ்ஸில், "அப்பா பேருக்கு முன்னாடி லேட் போடணுமுங்களா?" என்று கேட்டார்கள். இந்தச் சாதாரணக் கேள்வியில் அம்மாவும் மகளும் மாட்டிக்கொண்டார்கள்.

"அந்தாளு பேரே வேண்டாம். நம்ம உட்டுட்டுப் போனவனுக்குப் பத்திரிகையில என்ன மரியாதை?" என்றாள் மகள், வீட்டுக்கு வந்ததும்.

"அப்படிச் சொல்லாதே கண்ணு."

"வேற எப்படிச் சொல்றது? நாலு வயசுப் புள்ளை காய்ச்சல்ல கெடக்குது, பஸ் ஏறிப் போனவந்தானே?"

காய்ச்சலைப் பற்றி யார் அவளுக்குச் சொன்னார்கள் என்று ராமாத்தாளுக்குத் திக்கென்றது. சொந்தக்காரர் யாராவது சொல்லியிருப்பார்கள். நல்லவேளை, அவர்களுக்கு அவ்வளவுதான் தெரியும். பத்திரிகை வேலை அப்படியே நின்றது.

வைகாசியில் குழிக்கு மோட்டார் வந்தது. முதல் செவ்வாய்க்கிழமை பார்த்தபோது தண்ணீர் ஓர் ஆள் உயரம் இறங்கியிருந்தது, சுவரில் பச்சைக் கோடு ஒன்று சுற்றிலும் தெரிந்தது. அடுத்த வாரம் முதல் படி வெளியே வந்தது. கல்லெடுக்கிறவர்கள் பாறையைப் படிப்படியாகத்தான் வெட்டிக்கொண்டு இறங்குவார்கள். மூன்றாவது படிக்குக் கீழேதான் மாசாணம் கடைசியாக வெடி வைத்த இடம். அதற்கடுத்த வாரம் இரண்டாவது படி. தூக்கணாங்குருவிகள் கூட்டை விட்டுப் போய்விட்டன. தண்ணீர் குறையக் குறைய ஒரு நாற்றம் மேலே வந்தது, சேற்று நாற்றம்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

மோட்டாரைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்த ஆள் சீனிவாசலு. அந்தக் குழியின் மேடு பள்ளம் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான் என்று காண்ட்ராக்டர் தேடிப் பிடித்திருக்கிறார். எழுபது வயது, ஒரு கண்ணில் புரை. இவள் வருவதைக் கொஞ்ச நாள் தூரத்திலிருந்தே பார்த்தவன், இரண்டாவது படி தெரிந்த அன்று கிட்டே வந்தான்.

"இங்கெ என்ன வேலை அம்மணி உனக்கு?"

"நடக்கறதுக்கு வாரேனுங்க, மேஸ்திரி."

"நடக்கறதுக்கு ஊர்ல வேற எடமே இல்லையாக்கும்?" குரலைத் தாழ்த்தினான். "அடுத்த செவ்வாக்கெழம வராதே. தண்ணி அடி தட்டிரும். மொத லோடு கெழக்கால சொவத்தோரமாத்தான் கொட்டோணும்னு சொல்லிப் போட்டேன். பத்து லோடு உழுந்தாப் போதும், அப்பறம் ஒண்ணுமில்ல. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது. பொண்ணுக்குக் கண்ணாலமாமா, போயி அதைப் பாரு."

ராமாத்தாள் சரி என்றாள். பத்தொன்பது வருஷத்துக்கு முன் தலையாட்டிய அதே சரி. திரும்பி நடக்கும்போது இட்டேரி முழுக்க யாரோ பின்னால் வருவதுபோலிருந்தது. திரும்பிப் பார்த்தால் ஒரு மயில்.

அந்த வாரம் முழுக்க அவளுக்கு வேலையில் மனம் நிற்கவில்லை. துடைத்த மாடியையே மறுபடி துடைத்தாள். குப்பையைக் கொட்டிவிட்டால் விஷயம் முடிந்தது, மகள் அப்பனைத் திட்டிக்கொண்டே மணமேடை ஏறுவாள், பிள்ளை பெறுவாள், அந்தப் பிள்ளையும் திட்டும். கொட்டாமல் நிறுத்தினால் மாசாணத்துக்கு மானம் திரும்பி வரும், இவளுக்கு மகள் இருக்க மாட்டாள். இரண்டில் ஒன்று. செவ்வாய்க்கிழமை போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் முடிவு செய்தாள். ஆனால் அன்றைக்கு விடிந்ததும் தூக்குப்போசியை எடுத்து வைத்தாள். கை அதுபாட்டுக்குச் செய்தது.

வாசலில் நித்யஸ்ரீ செருப்புப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"நானும் வாரேன். லீவு சொல்லிப்போட்டேன்."

"நீ எதுக்கு சாமி? வெயில் கொளுத்துது."

"வாராவாரம் காரமடைப் பக்கம் யாரைப் பாக்கப் போறேன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா? அந்தாளு அங்கெதானே இருக்கான்? என்னைய ஏமாத்திப் போட்டு நீ மட்டும் போயிப் பாத்துட்டு வாரே. இன்னிக்கு நானும் பாக்கோணும். நேருக்கு நேரா ஒரே ஒரு கேள்வி கேக்கோணும்."

அவன் அங்கேதான் இருக்கிறான் என்பதில் என்ன பொய்?

இரண்டு பஸ்ஸிலும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். காக்காக்கரட்டில் இறங்கியதும் மகள் ஒவ்வொரு வீடாகப் பார்த்தாள், எந்த வீடு என்று. அம்மா ஊருக்குள் போகாமல் இட்டேரியில் இறங்கியபோது குழம்பினாள். ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். வழியெல்லாம் புதிதாக லாரித் தடம். வேலிக்காத்தானை அடியோடு தள்ளி, வேப்பமரங்களைச் சாய்த்துப் பாதை போட்டிருந்தார்கள். அறுபத்திநாலு வகையில் ஒரு குருவிகூடக் கத்தவில்லை.

குழியில் தண்ணீர் இல்லை. நடுவில் ஒரு குட்டை மட்டும் மிச்சம். மூன்றாவது படிக்குக் கீழே, கிழக்குச் சுவரோரம், பாசி காயாத கற்குவியல் கூரை உயரத்துக்கு வெயிலில் கிடந்தது. அந்தக் குவியலுக்கு நேர் மேலே விளிம்பில் ஒரு லாரி பின்பக்கமாக வந்து நின்றது. குப்பை நாற்றம் எட்டூருக்கு அடித்தது. சீனிவாசலு வாயில் விசிலோடு கையைக் காட்டி டிரைவருக்கு ஜாடை சொல்லிக்கொண்டிருந்தான். இவர்களைப் பார்த்ததும் விசிலை எடுத்தான்.

"உன்னைய வர வேண்டாம்னு சொன்னேனா இல்லையா அம்மணி?"

நித்யஸ்ரீ முன்னால் போனாள். "எங்கப்பன் மாசாணம் எங்கே இருக்கான்? உங்களுக்குத் தெரியுமா?"

பத்தொன்பது வருஷம் பழகிய பொய்யைக் கிழவன் வாய் தானாகச் சொன்னது. "உங்கப்பனா கண்ணு? அவன் வாளையார் பஸ் ஏறிப் போனதை நானே பாத்தேன். இந்நேரம் கேரளாவுல பேரன் பேத்தி எடுத்திருப்பான். நீ அக்கட்டால தள்ளி நில்லு, லோடு சாயுது."

விசிலை வாயில் வைத்தான். லாரியின் தொட்டி மெல்ல மேலே எழும்பியது.

"கொட்டாதீங்க!" என்று ராமாத்தாள் கத்தினாள். லாரிக்கும் விளிம்புக்கும் நடுவில் ஓடிப் போய் நின்றாள். "கொட்டாதீங்க சாமி, கீழே ஆள் கெடக்குது!"

டிரைவர் பயந்து போய் எஞ்சினை நிறுத்திவிட்டான். சீனிவாசலு ஓடிப் போய் எதற்கோ மோட்டாரையும் நிறுத்தினான். திடீரென்று குழி முழுக்க நிசப்தம்.

ராமாத்தாள் மகளைப் பார்த்துச் சொன்னாள். நின்றுகொண்டேதான் சொன்னாள், அழவில்லை. ஒன்பது துளை, ஒன்பது கல், எட்டுச் சத்தம். கையில் கல் மிச்சமிருக்கும்போதே கை காலி என்று கத்தியது. அவன் அதை நம்பி நடந்து போனது. பின்னால் கேட்ட சத்தம். "உங்கப்பன் எங்கயும் போகுல கண்ணு. அந்தக் கல்லுக்கடியிலதான் கெடக்கறாரு. அவரு மேல ஒரு தப்புமில்ல. நாந்தான் அனுப்பி வெச்சேன்."

நித்யஸ்ரீ கற்குவியலைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"எட்டுத்தான் கேட்டுச்சுன்னு தெரியுமில்ல? தெரிஞ்சும் எதுக்குக் கத்துனே? அப்படி என்ன அவசரம் உனக்கு?"

பதில் ராமாத்தாளின் நாக்கு நுனியில் இருந்தது. பத்தொன்பது வருஷமாக ஒவ்வொரு நாளும் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட பதில். சொன்னால் பாதிப் பாரம் இறங்கிவிடும். இறங்குகிற பாதி யார் தலையில் போய் ஏறும் என்பதும் தெரிந்தது.

சீனிவாசலு வாயைத் திறந்தான். "அது அப்படியில்ல கண்ணு, அன்னிக்கு—"

ராமாத்தாள் திரும்பி அவனைப் பார்த்த பார்வையில் கிழவன் வாயை மூடிக்கொண்டான்.

"மழை வந்துச்சு கண்ணு" என்றாள். "நனைஞ்சு போயிருவோம்னு பாத்தேன்."

"மழைக்கா?"

"ஆமா. மழைக்குத்தான்."

நித்யஸ்ரீ அவளை விட்டு நாலடி தள்ளிப் போனாள். போனை எடுத்துப் போலீஸுக்கு அடித்தாள். இரண்டு தரம் தப்பாகப் போட்டு, மூன்றாவது தரம் கிடைத்தது. ஊர் பேரைச் சொன்னாள், குழி இருக்கிற இடத்தைச் சொன்னாள். "எங்கப்பா இங்கெ இருக்காருங்க" என்றாள். மோட்டார் நின்றிருந்ததால் அந்தப் பக்கம் பேசிய பெண்ணின் குரல் ராமாத்தாளுக்கும் நன்றாகக் கேட்டது.

"பதட்டப்படாதீங்கம்மா. உங்ககூட யாரு இருக்காங்க?"

"யாருமில்லீங்க" என்றாள் நித்யஸ்ரீ. "நான் மட்டுந்தான்."